அடுப்பில்லாத வீடு

தம்பி,

நீயும் கவிதாவும் புறப்பட இன்னும் சில நாள்களே இருக்கின்றன. வீடு முழுக்கப் பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. இதை நேரில் பேசலாம்தான். ஆனால் நேரில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். நானும் பாதியிலேயே "சரி, சாப்பிட வா" என்று எழுந்துவிடுவேன். உன் அப்பா போனதிலிருந்து நாம் இருவரும் பெரிய விஷயங்களையெல்லாம் இப்படித்தான் சோற்றுத் தட்டைப் போட்டு மூடியிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். விமானத்தில் ஏறிய பிறகு பிரித்துப் படி. அங்கிருந்து என்னை உடனே கூப்பிட முடியாது. முழுதும் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் ஆபீஸில் சார் என்னை அவருடைய அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. ரகசியம் பேசினாலும் வாசலில் நிற்கும் டிரைவருக்குக் கேட்கும்படிதான் பேசுவார். "பையன் கல்யாணப் பத்திரிகை வெக்க வந்தப்ப ஒரு விஷயம் சொல்லிட்டுப் போனாம்மா. கல்யாண வேலையில இருந்தீங்க, அதான் அப்ப சொல்லல. சிதம்பரத்துல கட்டற புது வரிசையில உங்களுக்கு ஒரு வீடு எடுத்து வெக்கணுமாம். அவன் கிளம்புனதும் நீங்க அங்க வந்துடணுமாம். திருப்பாதிரிப்புலியூர் வீட்ட வாடகைக்கு உட்டுடலாம்னு சொன்னான்." அவர் மேஜை மேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "நம்ப வழக்கம் ஒங்களுக்கே தெரியும், நீங்க கொண்டாந்ததுதான். அதான் தனியா கேக்கறேன். வேணுமா, வேணாமா? வேணும்னா சாவி ஒங்களுது. வேணாம்னா, வீடு காலி இல்லன்னு பையன்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க கெட்டவங்களாக வேணாம்."

இதே கேள்வியை இதே சொற்களில் எத்தனையோ பேரிடம் நான் கேட்டிருக்கிறேன். எதிரில் இருப்பவர் ஏன் உடனே பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்க்கிறார் என்று சில சமயம் எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன். அன்று நான் ஜன்னலைப் பார்த்தேன். "யோசிச்சு சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

நீ அன்பினால்தான் கேட்டாய். அது எனக்குத் தெரியும். எப்போது முடிவு செய்தாய் என்பதும் தெரியும். தானே புயல் அடித்த பிறகு, போன் எதுவும் வேலை செய்யாமல், நீ சென்னையிலிருந்து கிடைத்த பஸ்ஸிலும் லாரியிலும் ஏறி, கடைசியில் நடந்தே வந்து சேர்ந்தாயே, அன்றைக்குத்தான். பக்கத்து வீட்டு மாமரம் நம் வாசலை அடைத்துக்கொண்டு விழுந்து கிடந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிவாளால் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தேன். "நீ ஏம்மா இதெல்லாம் செய்யற?" என்று கேட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாய். அன்று கிளை வெட்டுவதில் எனக்கு ஒரு உற்சாகம் இருந்தது. காலையிலிருந்து வெட்டி ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி பண்ணியிருந்தேன். நீ அழுதுகொண்டிருந்தபோது அதை எப்படிச் சொல்வது? ஆள் துணையில்லாத அம்மா ஒருத்தியை நீ அங்கே பார்த்தாய். நானும் அந்த அம்மாவாகவே உனக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

என் பதிலை எழுதுவதற்கு முன், சார் சொன்ன அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டில் எட்டு வருடமாகச் சோறு போட்ட கம்பெனியைப் பற்றி உனக்குத் தெரிந்தது, நான் சாயங்காலம் களைத்து வருவதும் தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பெட்டி வருவதும்தான்.

2004-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி என்பது ரயில் நிலையம் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, ஓர் அறை. அப்பா இறந்து வருடம் திரும்பவில்லை. நீ பத்தாவது முடித்திருந்தாய். என்னிடம் ஒரு பட்டம் இருந்தது, வேலை பார்த்த பழக்கம் இல்லை. சார் அதுவரை குடிகாட்டுத் தொழிற்பேட்டையில் ஷெட் போட்டுக் கொடுக்கும் காண்டிராக்டர். அவருடைய நண்பர்களின் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து போன் செய்து "அங்கிள், அப்பாவ யாராவது பாத்துக்க ஆள் கெடைக்குமா?" என்று கேட்டுக் கேட்டு, ஆள் தேடித் தேடி அலுத்துப்போய், ஒரே இடத்தில் வீடுகளாகக் கட்டி எல்லாரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. "எனக்குக் கட்டத் தெரியும்மா, பேசத் தெரியாது. அவனுங்க இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா நான் சிமெண்டு வெல சொல்றேன். பேசறது நீங்க" என்றார். அதுதான் என் வேலைக்கான நேர்முகத் தேர்வு.

முதலில் அவர் பார்த்து வைத்தது கடற்கரைப் பக்கம் ஓர் இடம். கடல் காற்று பெரியவர்களுக்கு நல்லது என்று ஒவ்வொரு போனிலும் என்னைச் சொல்லச் சொன்னார். அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. அதற்குப் பிறகு பல நாள் அந்த அறையில் போன் மணியே அடிக்கவில்லை. சார் கடலைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டு, சிதம்பரம் போகும் சாலையில் உள்ளே தள்ளி ஒரு முந்திரித் தோப்பை வாங்கினார். வீடுகள் ஒரே வரிசையில் எழுந்தன. வாசற்படி இல்லாத வீடுகள், சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலமான கதவுகள், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகள், கட்டிலுக்கு அருகில் அழைப்பு மணி. நடுவில் பெரிய சாப்பாட்டுக் கூடம். வீடுகளுக்குள் சமையலறை மட்டும் இல்லை. சாருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. "பொம்பளைங்களுக்கு ரிட்டயர்மெண்டே கெடயாதும்மா, நான் குடுக்கறேன்" என்பார். பெரியவர்கள் கேஸைத் திறந்துவிட்டு மறந்துபோவார்கள் என்ற பயமும் உண்டு. சுவரில் ஒரு பலகை, வெந்நீர் வைக்க ஒரு பிளக், அவ்வளவுதான். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. ஆபீஸ் முடிந்து வந்து அடுப்புப் பற்றவைக்கிற எவளுக்கும் அப்படித்தான் படும்.

வாசலில் வைத்த பலகையில் பெயருக்குப் பின்னால் 'நகர்' என்று மட்டும் எழுதினோம். முதியோர் இல்லம் என்ற வார்த்தை எங்கள் தாள்களில் எங்கும் வரக்கூடாது என்பது சாரின் கட்டளை. "அந்த வார்த்தைய பாத்தா ஒரு புள்ளயும் கையெழுத்துப் போடமாட்டான்." அது உண்மையும்கூட. போனில் பேசிய பிள்ளைகள் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வந்ததும் தடுமாறிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நாங்களும் அவர்களோடு சேர்ந்து தாண்டிப்போகப் பழகிக்கொண்டோம்.

அப்படித் தாண்டிப்போன இடத்தில்தான் கலியபெருமாள் ஐயா வந்து சேர்ந்தார். திருவதிகைப் பக்கம் விவசாயக் குடும்பம். ஒரே மகன் அமெரிக்காவில். அந்த மகன் என்னிடம் போனில் எல்லாம் பேசி முடித்துப் பணமும் கட்டிவிட்டான். "அப்பா அம்மாகிட்ட சொல்லியாச்சுங்களா?" என்று கேட்டேன். "சொல்லிட்டேன் மேடம், ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஊருக்குப் பக்கத்தில் உங்களுக்காக ஒரு வீடு வாங்கியிருக்கிறேன், நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபோங்கள் என்று சொல்லியிருக்கிறான். எப்படிப்பட்ட வீடு என்று சொல்லவில்லை. அவர்கள் சந்தோஷப்பட்டதும் நிஜம்.

அவர்கள் புதுமனை புகுவிழாவுக்குச் சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். விடியற்காலையில் இரண்டு வேன். ஐயாவின் மனைவி அஞ்சலை அம்மாளின் பிறந்த வீட்டிலிருந்து சீர்வரிசை: குத்துவிளக்கு, பித்தளை அண்டா, அரிசி மூட்டை, பலாப்பழம். ஒரு பசுவும் கன்றும் தனி வண்டியில். நானும் சாரும் சாவி கொடுக்கப் போய் நின்றோம். அதற்குமுன் குடிவந்தவர்களெல்லாம் ஒரு பெட்டியும் ஒரு சாமி படமுமாக, சத்தமில்லாமல் வந்தவர்கள். வேனிலிருந்து ஜனங்கள் இறங்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்து சார் என் பக்கம் திரும்பி, "என்னாம்மா இது, கல்யாண மண்டபம்னு நெனச்சிட்டாங்களா?" என்றார்.

அஞ்சலை அம்மாளின் தம்பி தண்டபாணி என்பவர்தான் முதலில் கவனித்தார். சத்தத்தைக் கேட்டு வரிசையாகக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "என்னா மாமா, தெருவுல ஒரு புள்ளயக்கூட காணும்? எல்லாம் தாத்தாவும் ஆயாவுமாவே இருக்காங்க?" என்றார்.

"வெடிகாலம் மச்சான். புள்ளைங்க தூங்கும்" என்றார் கலியபெருமாள் ஐயா.

"கோலம் போடக்கூட ஒரு சின்னப் பொண்ணு வரலியே மாமா."

அதற்குள் பசு வீட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தாகிவிட்டது. அஞ்சலை அம்மாள் பால் சொம்போடு உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தார். என்னிடம் வந்து மெதுவாக, "யம்மா, அடுப்பங்கர எந்தப் பக்கம்? எனக்குக் கண்ணுல படலியே" என்றார். நான் பொதுச் சமையல்கூடத்தைக் கைகாட்டினேன். எல்லாருக்கும் அங்கேதான் சமைப்பார்கள், மூன்று வேளையும் நேரத்துக்கு வரும் என்றேன். போனில் பிள்ளைகளிடம் சொல்லும்போது எவ்வளவு நன்றாக இருந்த வாக்கியம் அது! அந்த அம்மாள் சொம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். பின்னால் நின்ற ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள்: "அடுப்பு இல்லாத வூடா? எங்கூட்டு மாட்டுக் கொட்டாய்லகூட மூணு கல்லு கெடக்கும்." இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. சக்கர நாற்காலியில் ஒருவர் மெல்ல அந்தப் பக்கமாக வந்து நின்றார். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சடங்கு செய்ய வந்த ஐயர் மட்டும், "நாழியாறது, பாலப் பொங்க வைங்கோ" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

கலியபெருமாள் ஐயா என்னையும் சாரையும் ஒரு முறை பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. களத்தில் நெல் காயும்போது மழை வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பாரே, அப்படி. பிறகு அடுத்த வீட்டு வேலைக்கு அடுக்கி வைத்திருந்த செங்கல்லில் மூன்றை அவரே போய் எடுத்து வந்தார். கூடத்தின் நடுவில், சார் பார்த்துப் பார்த்துப் போட்ட வெள்ளை டைல்ஸ் மேல் வைத்து, கட்டுமானத்தில் கிடந்த சிறாய்களை அடுக்கினார். "டைல்ஸ் வெடிச்சிடும் பெரியவரே" என்று சார் வாய்க்குள் சொன்னார். தண்டபாணி திரும்பிப் பார்த்த பார்வையில் அதையும் விழுங்கிவிட்டார். பால் பொங்கியது. டைல்ஸும் வெடித்தது. புகைக்கு நடுவே ஐயா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நான்தான் மச்சான் எம்புள்ளகிட்ட சொன்னேன். உங்கக்கா இன்னும் எத்தினி காலத்துக்கு அடுப்புல வேவா? அடுப்பே இல்லாத வூடா பாருடா, மூணு வேளையும் ஆக்கிப் போடணும், டாக்டரு வூட்டுக்கு வரணும்னு நான்தான் அடம் புடிச்சேன். அவன் தனி வூடு கட்டித் தரேன்னுதான் சொன்னான். வேணாம்னுட்டேன்."

கொட்டாய்க் கதை சொன்ன பெண் உடனே மாறிவிட்டாள். "குடுத்து வெச்சவ நீ, அஞ்சலை!" என்றாள். எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில் இட்லி பொங்கல் சாப்பிட்டார்கள். பலாப்பழத்தை அறுத்துத் தெரு முழுக்கக் கொடுத்தார்கள். வேன்கள் கிளம்பின. நான் எச்சில் இலைகளை எடுக்க ஆள் அனுப்பிவிட்டு அவர்கள் வீட்டு வாசலைக் கடந்தபோது, உள்ளே இருவரும் அந்த மூன்று செங்கல்லுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ எப்பய்யா சொன்ன?" என்று அஞ்சலை அம்மாள் கேட்டார்.

"இப்பதான்" என்றார் ஐயா.

அன்று மாலை ஆபீஸ் போனிலிருந்து மகனிடம் பேசினார். "நல்லபடியா நடந்துச்சுப்பா. வூடு ஜோரா இருக்கு. உங்க மாமனுக்கெல்லாம் பொறாம" என்று சிரித்தார். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். போனை வைத்துவிட்டு, "எவ்ளோம்மா ஆச்சு போனுக்கு?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அவர் அதற்குமேல் அந்த வீட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசிவரை அங்கேயே இருந்து, இரண்டு வருடம் முன்பு அங்கேயே இறந்தார். அந்த மகன் நல்லவன். வந்து எல்லாக் காரியமும் முறையாகச் செய்தான். அப்பா ஆசைப்பட்டுக் கேட்ட வீடு என்று மாமா தண்டபாணி சொல்ல, அவனும் அதையே நம்பித் தலையாட்டினான். தான் கேட்காமல் விட்ட கேள்விக்கு அப்பா பதில் தயாரித்து வைத்துவிட்டுப் போனது அவனுக்குத் தெரியவே தெரியாது.

அந்த வெடித்த டைல்ஸுக்கு அடுத்த வாரம் நான் சாரிடம் சொன்னேன்: இனிமேல் வீடு எடுப்பதற்கு முன், வந்து இருக்கப்போகிறவரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாமல், தனியாகக் கேட்க வேண்டும். சார் குதித்தார். "பணம் கட்டறது புள்ள, கையெழுத்துப் போடறது புள்ள. பெரியவங்க வேணாம்னு சொல்லிட்டா நான் வீட்ட யாருக்கும்மா விக்கறது?" அப்படியானால் நான் இனி போனில் பேசமாட்டேன் என்றேன். பேச வேறு ஆள் இல்லாததால் ஒப்புக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து அவரே அதைத் தன் யோசனை போல் எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் சமையலறையும் வைத்துவிட்டார். "ஒரு பால் காய்ச்ச எடம் வேணாமா?" என்று என்னிடமே கேட்டார்.

தனியாகக் கேட்க ஆரம்பித்த பிறகு நான் பார்த்தது வேறு உலகம். நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், மகனுக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார். மகனைத் தோட்டம் பார்க்க அனுப்பிவிட்டு நான் கேட்டபோது, "நாய கூட்டிகிட்டு வரலாமா?" என்று மட்டும் கேட்டார். முடியாது என்றேன். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "அப்ப வேணாம்மா. ஆனா நான் சொன்னேன்னு பையன்கிட்ட சொல்லிடாதீங்க. வருத்தப்படுவான். வீடு காலி இல்லன்னு சொல்லிடுங்க." அன்றிலிருந்து அது எங்கள் ஆபீஸின் வாக்கியமாகிவிட்டது. எத்தனை பிள்ளைகளிடம் அதைச் சொல்லியிருப்பேன்! பின்னால் வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும். நான் முகம் கோணாமல், "இப்ப எதுவும் காலி இல்லைங்களே" என்பேன். அம்மாவும் அப்பாவும் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்கு நன்றி சொல்வதுபோல் கண்ணைத் தாழ்த்துவார்கள்.

எல்லாரும் வேண்டாம் என்றார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. சிதம்பரத்தில் இரண்டாவது நகர் ஆரம்பித்தபோது, மேலவீதி ஆபீஸுக்கு ரோஸ்லின் டீச்சர் குடையும் கையுமாகத் தனியாக பஸ்ஸில் வந்தார். கணவர் இல்லை. தன் பேருக்குத் தானே ஒரு வீடு கேட்டார். மறுநாள் இரண்டு மகன்களும் காரில் வந்து ஆபீஸில் சத்தம் போட்டார்கள். "எங்கம்மாவ நாங்க பாத்துக்க மாட்டமா? ஊரு என்ன பேசும்?" டீச்சர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்தார். "ஊரா எனக்குக் காலைல காப்பி போட்டுக் குடுக்குது? உங்க வீட்ல மூணு மாசம், அவன் வீட்ல மூணு மாசம்னு பொட்டிய தூக்கிகிட்டு அலையறது நானு. எனக்கு ஒரு கதவு வேணும், உள்ள தாப்பா போட்டுக்க." இப்போது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, அந்தத் தாப்பாளைப் போட்டுக்கொண்டு மத்தியானம்வரை தூங்குகிறார். மகன்கள் வந்தால் வெளியே காத்திருக்கிறார்கள். அந்த வீடும் கலியபெருமாள் ஐயாவின் வீடும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒரே கம்பி, ஒரே மணி.

அதனால் எங்கள் வீடுகளைப் பற்றி நான் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அங்கே கீழே விழுந்தவர்களை யாராவது தூக்கிவிடுகிறார்கள். பேச ஆள் இருக்கிறது. பிள்ளைகள் வெளியே போனதால் வந்த தொழில் இது, அந்தத் தொழிலில் வந்த சம்பளத்தில் நீ படித்தாய், இப்போது நீயும் போகிறாய். இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அஞ்சலை அம்மாள் இன்னும் அங்கேதான், வீட்டுக்குப் பின்பக்கம் அந்த மூன்று செங்கல்லை அடுப்பாக வைத்துக்கொண்டு இருக்கிறார். புதிதாக யார் வந்தாலும் பெயர் கேட்பதற்கு முன், "நீயா வந்தியா, கொண்டாந்து உட்டாங்களா?" என்று கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டுத்தான் எந்த வீட்டுக்கு முதலில் குழம்பு கொடுத்தனுப்புவது என்று முடிவு செய்வார். கொண்டுவந்து விடப்பட்டவர்களுக்குத்தான் முதல் குழம்பு.

இனி என் பதில். வேண்டாம், தம்பி.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பிப் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. சிதம்பரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன், அந்தப் பயணத்தில் ஜன்னலோரம் கிடைத்தால் எனக்கு அது ஒரு சந்தோஷம். சாயங்காலம் தேரடித் தெருவில் காய் வாங்கிக்கொண்டு, தெரிந்த நாலு பேரிடம் நின்று பேசிவிட்டு, என் பூட்டை நான் திறந்து உள்ளே வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. நீ எடுத்து வைக்கச் சொன்ன வீட்டுக்கு நான் போனால், உனக்கு அங்கே நிம்மதியாகத் தூக்கம் வரும். நான் உன் தூக்கத்துக்காக அங்கே இருப்பேன். உன்னிடம் போனில் ரொம்ப ஜோராக இருக்கிறது என்பேன். உன் மாமாக்களிடம் நான்தான் கேட்டு வாங்கினேன் என்பேன். என்னால் அதெல்லாம் முடியும். மிக நன்றாகவே செய்வேன். அதுதான் எனக்குப் பயம். ஒரு தடவை ஆரம்பித்துவிட்டால் கலியபெருமாள் ஐயாவைப் போலக் கடைசிவரை நிறுத்தமாட்டேன், உனக்கும் தெரியவராது.

பயமே இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் போன மறுநாள் இந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்து, ராத்திரியில் எழுந்து விளக்கைப் போட்டு உட்கார்கிறேன். அப்பா போன பிறகும் நீ இருந்தாய். காலேஜுக்குப் போனபோதும் வெள்ளிக்கிழமை வந்துவிடுவாய். இது வேறு. அதனால் செய்ய முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறேன். நம் கம்பெனிக் கொத்தனாரை வரவழைத்துக் குளியலறையில் கம்பி பதிக்கச் சொன்னேன். கவிதா அதைப் பார்த்துவிட்டு, "துணி காயப்போடவா அத்த?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நீ அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. இன்னொரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். மாமரம் விழுந்ததிலிருந்து அவர்களுக்கும் நமக்கும் நடுவில் சுவரில்லை, நானும் கட்டச் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்தோ பதினைந்து வருடம் கழித்தோ சிதம்பரத்தில் எனக்கு ஒரு வீடு வேண்டுமென்றால், ரோஸ்லின் டீச்சரைப் போல் நானே குடையை எடுத்துக்கொண்டு போய்க் கேட்பேன். அப்போது நீ வந்து சத்தம் போடாதே.

இன்று காலை சாரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப பையன்கிட்ட வழக்கமா சொல்றதையே சொல்லிடவா?" என்றார். வேண்டாம் சார், என் பையனிடம் நான் சொல்கிறேன் என்றேன். அவர், "இத மொதல்லயே எல்லாரும் செஞ்சிருந்தா நமக்குத் தொழில் பாதியாயிருக்கும்மா" என்று சிரித்தார். கதவைத் திறந்துவிட்டார். நீ இதைப் படிக்கும்போது அந்த வீட்டுக்கு வேறு யாராவது பேசி முடித்திருப்பார்கள்.

உன்னோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள விரும்புகிறேன். பெரியவர்கள் பிள்ளைகளோடு போனில் பேசுவதை எட்டு வருடமாகக் கேட்டிருக்கிறேன். காய்ச்சலில் படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக் குரலைச் சரிசெய்துகொண்டு, "நல்லா இருக்கம்ப்பா" என்பார். போனை வைத்ததும் மறுபடி படுத்துக்கொள்வார். நான் அதைச் செய்யமாட்டேன். உடம்பு முடியாவிட்டால் முடியவில்லை என்பேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்பேன். நீ தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பாய் என்று தெரிந்தாலும் சொல்வேன். நீயும் எனக்கு அப்படியே சொல்ல வேண்டும். நான் சொல்வதை, அதற்குப் பின்னால் வேறு என்ன இருக்கிறது என்று தேடாமல், சொன்னபடி எடுத்துக்கொள். இப்போது வேண்டாம் என்கிறேன். அம்மா வீம்புக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, அங்கே இறங்கியதும் சாருக்குப் போன் போடாதே. ஏனென்றால் ஒருநாள் நான் உன்னை "வாடா" என்று கூப்பிடுவேன். அன்று அம்மா சும்மா சொல்கிறாள் என்று நினைத்துவிடாமல், நீ கிளம்பி வர வேண்டும்.

அம்மா